கைதிகளைத் தேடிக் கடல் கடந்த எலிசபெத் ஃப்ரை

1838ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரின் சென்-லாசார் பெண்கள் சிறைச்சாலைக்குள் ஓர் ஆங்கிலேயப் பெண் அழைத்துச் செல்லப்பட்டார். அவருக்கு அப்போது வயது 57. உயரமான உருவம், அலங்காரம் எதுவுமில்லாத மங்கிய நிற உடை, தலையில் வெள்ளைத் தொப்பி. கைதிகள் கூட்டப்பட்டார்கள். ஊதாரி மைந்தன் தன் தகப்பனிடம் திரும்பி வரும் கதை பிரெஞ்சு மொழியில் வாசிக்கப்பட்டது. அதன்பின் சற்று நேரம் யாரும் பேசவில்லை. அந்தப் பெண் மெதுவாக ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். ஒவ்வொரு வசனத்தையும் கூட இருந்த ஒருவர் பிரெஞ்சில் சொன்னார். திருட்டுக்கும் விபசாரத்துக்கும் பிடிபட்டு வந்திருந்த அந்தப் பெண்களில் பலர் அழுதார்கள். இனியும் இப்படி யாராவது வந்து வாசிப்பதை விரும்புகிறீர்களா என்று கேட்டபோது, ஆம் என்று சொன்னவர்கள் கைதிகள் மட்டுமல்லர். காவலுக்கு நின்றவர்களும் தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்களாம்.

எலிசபெத் ஃப்ரை என்ற இந்தப் பெண்ணைப் பற்றிச் சிறைச் சீர்திருத்த வரலாற்றில் ஓரிரு வரி படித்தவர்கள் இருப்பார்கள். இங்கிலாந்தின் நியூகேட் சிறையில் பெண் கைதிகளுக்குப் பாடசாலை வைத்தவர் என்பது அந்த வரி. அவர் வாழ்க்கையின் கடைசிப் பகுதியில், உடல்நலம் குன்றிய நிலையில், ஆறு ஆண்டுகளுக்குள் ஐந்து தடவை ஐரோப்பியக் கண்டத்துக்குப் போய், தன் மொழி பேசாத கைதிகளிடம் தன் விசுவாசத்தைப் பகிர்ந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவரிடம் மதம் பேசுவது நியாயமா? எழுந்து போக முடியாத ஒருவருக்குச் சொல்லப்படும் நற்செய்தி எந்த அளவுக்கு நற்செய்தி? முள்வேலிக்குள் இருந்த காலத்தில் நிவாரணப் பொதியோடு சேர்ந்து வந்த பிரசங்கங்களைக் கேட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவற்றால் ஆறுதல் பெற்றவர்களும் இருக்கிறார்கள், முகம் சுளித்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ஃப்ரையின் கதையை ஒரு புனிதரின் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. அவர் உள்ளே போய் என்ன செய்தார், வெளியே வந்து யாரிடம் என்ன பேசினார் என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அவர் 1780 மே 21 அன்று இங்கிலாந்தின் நோரிச் நகரில் பிறந்தார். தகப்பன் ஜோன் கர்னி வசதியான வணிகர். தாய் வழியில் பார்க்லே வங்கிக் குடும்பம். 12 வயதில் தாயை இழந்தார். குடும்பம் குவேக்கர் எனப்படும் நண்பர்கள் சபையைச் சேர்ந்தது. குருமார் இல்லாத, சடங்குகள் இல்லாத, மௌனமாகக் கூடியிருந்து உள்ளிருந்து எழும் சொல்லுக்காகக் காத்திருக்கும் சபை அது. ஆண்களைப் போலவே பெண்களும் அங்கே பேசலாம். 17ஆம் நூற்றாண்டில் அரச திருச்சபைக்குப் பணிய மறுத்ததற்காக இந்தச் சபையினர் ஆயிரக்கணக்கில் சிறைகளில் அடைக்கப்பட்டார்கள். சபையை உருவாக்கிய ஜோர்ஜ் ஃபொக்ஸ் பல சிறைகளைக் கண்டவர். சிறை என்பது அவர்களுக்குப் பாட்டன் பாட்டி காலத்திலிருந்தே வீட்டுக்குள் பேசப்பட்ட விடயம்.

ஆனால் கர்னி வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கண்டிப்பிலிருந்து விலகியிருந்தார்கள். ஆட்டமும் பாட்டும் நாகரிக உடைகளும் வீட்டில் இருந்தன. 1798இல் அமெரிக்காவிலிருந்து வந்த வில்லியம் சேவரி என்ற குவேக்கர் போதகர் நோரிச்சில் பேசிய நாளில், 17 வயது எலிசபெத் ஊதா நிறச் சப்பாத்தும் அதில் சிவப்பு நாடாவுமாகப் போய் உட்கார்ந்திருந்தார் என்பது அவர் வாழ்க்கையை எழுதிய பலரும் விடாமல் சொல்லும் செய்தி. அன்றைய பேச்சு அவரைப் புரட்டிப்போட்டது. கடல் கடந்து வந்த ஓர் ஊழியக்காரரால் தொடங்கிய வாழ்க்கை என்பதைக் குறித்துக்கொள்ளலாம், ஏனென்றால் அடுத்த திருப்பமும் அப்படித்தான் வந்தது.

1800இல் ஜோசப் ஃப்ரை என்ற வங்கிக்காரரை மணந்து லண்டனுக்கு வந்தார். பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறந்தார்கள். 1811இல் சபை அவரைப் போதகராக ஏற்றுக்கொண்டது. 1813இல் அவர் எட்டுப் பிள்ளைகளின் தாய், வயது 32. அந்தக் குளிர்காலத்தில் ஸ்டீபன் கிரெலெட் அவரிடம் வந்தார். கிரெலெட் பிரான்ஸின் லிமோஜ் நகரில் பிறந்தவர். புரட்சிக் காலத்தில் அரசர் தரப்புப் படையில் சேர்ந்து, பிடிபட்டு, தப்பி, நாடு விட்டோடி அமெரிக்காவில் குவேக்கரானவர். இன்றைய சொல்லில் சொன்னால் அகதி. ஊழியப் பயணமாக லண்டனுக்கு வந்த அவர், நியூகேட் சிறையின் பெண்கள் பகுதிக்குள் போய்ப் பார்த்திருந்தார். வெறும் தரையிலும் வைக்கோலிலும் கிடந்த பெண்களையும், உடுப்பில்லாமல் குளிரில் விறைத்த குழந்தைகளையும் அவர் விபரித்தார். ஃப்ரை முதலில் செய்தது பிரசங்கம் ஆயத்தப்படுத்துவதல்ல. தடித்த கம்பளித் துணி வாங்கிவரச் செய்து, தெரிந்த பெண்களைக் கூட்டிக் குழந்தைகளுக்குச் சட்டை தைத்தார். அதைத் தூக்கிக்கொண்டுதான் தோழி ஒருவருடன் நியூகேட்டுக்குள் போனார்.

ஏறத்தாழ 300 பெண்கள், அவர்களோடு பிள்ளைகள். விசாரணைக்குக் காத்திருந்தவர், தண்டனை பெற்றவர், தூக்குக்கு நாள் குறிக்கப்பட்டவர் என்ற பிரிவினை எதுவும் கிடையாது. தூங்குவதும் சமைப்பதும் கழுவுவதும் ஒரே இடத்தில். காவலுக்கு ஒரு கிழவரும் அவர் மகனும். உள்ளே போனால் உடுப்பையும் கிழித்து எடுத்துவிடுவார்கள் என்று சிறை அதிகாரிகளே பயந்தார்கள்.

பிறகு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அவர் நியூகேட் பக்கம் திரும்பவில்லை. இதை அவரது வாழ்க்கை வரலாறுகள் அவசரமாகக் கடந்துவிடுகின்றன. மேலும் பிரசவங்கள், பணநெருக்கடி, 1815இல் நான்கு வயது மகள் பெட்சியின் சாவு. அந்தச் சாவிலிருந்து அவர் முழுதாக மீளவில்லை. 1816இன் முடிவில் மறுபடி சிறை வாசலில் நின்றபோது அவர் பிள்ளையைப் புதைத்த தாயாக இருந்தார்.

இந்தத் தடவை அவர் கைதிகளிடம் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசினார். இங்கே பிறந்து வளரும் இந்தச் சிறுவர்களுக்கு ஒரு பாடசாலை வைத்தால் என்ன என்று கேட்டார். தாய்மார் ஒத்துக்கொண்டார்கள். ஆசிரியரையும் அவர்களே தெரிவு செய்தார்கள். கைக்கடிகாரம் திருடியதற்காக உள்ளே இருந்த மேரி கொனர் என்ற இளம்பெண் அந்த வேலையை ஏற்றார். பிள்ளைகளுக்கென்று திறந்த அறையின் வாசலில் வளர்ந்த பெண்கள் வந்து, தங்களுக்கும் எழுத்துச் சொல்லித்தரும்படி கெஞ்சினார்கள்.

1817 ஏப்ரலில் ஃப்ரையும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து நியூகேட் பெண் கைதிகளுக்கான சங்கம் ஒன்றை அமைத்தார்கள். தையல் வேலை, கூலி, வாசிப்பு, காலையிலும் மாலையிலும் வேதாகமம். சூதும் குடியும் கூடாது. இந்த விதிகள் ஒவ்வொன்றும் கைதிகளின் முன் வாசிக்கப்பட்டு, கை உயர்த்தச் சொல்லி, அவர்கள் சம்மதித்த பின்பே நடைமுறைக்கு வந்தன. தங்களுக்குள் கண்காணிப்பாளர்களையும் அவர்களே தெரிந்தார்கள். இங்கிலாந்தில் எந்தப் பெண்ணுக்கும் பாராளுமன்ற வாக்குரிமை இல்லாத காலம் அது. பூட்டிய அறைக்குள் உண்மையான சம்மதம் சாத்தியமா என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை. ஆனாலும் கைதியிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுச் செய்வது என்பது அந்தச் சிறையில் அதுவரை நடக்காத காரியம்.

தன் சபைக்கு ஆள் சேர்க்கவும் அவர் முயலவில்லை. வாசிப்பார், நிறுத்துவார், மௌனம், பிறகு சில வார்த்தைகள். கேட்டவர்களுக்கு அவர் குரல்தான் நினைவில் நின்றது.

அந்தக் குரலே வேறொரு வினையையும் கொண்டு வந்தது. நியூகேட் வாசிப்பு லண்டனின் காட்சிகளில் ஒன்றாகிவிட்டது. பிரபுக்களும் வெளிநாட்டுத் தூதுவர்களும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து, கைதிகள் அழுவதைப் பார்த்துக் கலங்கிவிட்டுப் போனார்கள். துயரப்பட்டவர்களை வரிசையில் உட்காரவைத்துப் பார்வையாளருக்குக் காட்டுவதன் கூச்சத்தை, கமராக்கள் முன் உட்கார்ந்து பழகிய நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தப் புகழ் தன்னைக் கெடுக்கிறதா என்று ஃப்ரை தன் நாட்குறிப்பில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். ஆனால் வாசிப்பை மூடிய கதவுக்குள் நடத்தவும் இல்லை. வந்து பார்த்த செல்வாக்குள்ளவர்கள் வழியாகத்தான் சட்டம் மாறும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

1818 பெப்ரவரியில் பாராளுமன்றக் குழு ஒன்று அவரை அழைத்துச் சாட்சியம் கேட்டது. ஒரு பெண்ணுக்கு அப்படியான அழைப்பு அந்தக் காலத்தில் அரிதான ஒன்று. அதே ஆண்டில்தான் ஹரியட் ஸ்கெல்டனின் விவகாரமும் நடந்தது.

ஸ்கெல்டன் நியூகேட்டில் தூக்குக்குக் காத்திருந்த பெண். குற்றம், இங்கிலாந்து வங்கியின் கள்ளத் தாள்களை மாற்றியது. தான் நேசித்த ஆணின் சொல்கேட்டு அதைச் செய்திருந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரணம் விதிக்கப்பட்ட நாடு அது. கள்ள நோட்டுக்காக மட்டும் அந்த இருபது ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோர் தொங்கவிடப்பட்டார்கள். சிறைக்குள் போகும் எந்தப் போதகரும் செய்யக்கூடிய பாதுகாப்பான காரியம், அந்தப் பெண்ணோடு ஜெபித்து, அமைதியாகச் சாக ஆயத்தப்படுத்துவது. நியூகேட்டின் அரச குருவானவர் அதைத்தான் செய்தார். ஃப்ரை ஜெபித்தார், கூடவே தண்டனையை எதிர்த்தார். அரச குடும்பத்தைச் சேர்ந்த குளொஸ்டர் கோமகனை நியூகேட்டுக்கே கூட்டிவந்து காட்டினார். வங்கியிடம் மன்றாடினார். உள்நாட்டு அமைச்சர் சிட்மத் பிரபுவிடம் போனார். சிட்மத் எரிந்து விழுந்தார். இந்தப் பெண்கள் தண்டனையின் பயத்தையே இல்லாமல் செய்கிறார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. ஸ்கெல்டன் தூக்கிலிடப்பட்டார். சிட்மத்தின் கதவு ஃப்ரைக்கு மூடிக்கொண்டது.

ஆட்சியாளர் தரும் அனுமதியில் சிறைக்குள் போகும் எவருக்கும் இந்த இக்கட்டு உண்டு. பேசினால் அனுமதி போகும். பேசாவிட்டால் அனுமதியால் பயனில்லை. ஃப்ரை பேசினார், தோற்றார். பல வரலாறுகள் இதை ஒரு சறுக்கலாகக் குறிப்பிடுகின்றன. என் பார்வையில் அவரது விசுவாசத்துக்கு விலை கேட்கப்பட்ட இடம் இதுதான். 2002ஆம் ஆண்டில் அதே இங்கிலாந்து வங்கி தனது ஐந்து பவுண் தாளில், நியூகேட் கைதிகளுக்கு வாசிக்கும் ஃப்ரையின் படத்தை அச்சிட்டது. 2017 வரை அது புழக்கத்தில் இருந்தது.

சிட்மத்துக்குப் பின் வந்த ரொபர்ட் பீல் 1823இல் கொண்டுவந்த சிறைச் சட்டம், பெண் கைதிகளுக்குப் பெண் காவலர்களே வேண்டும் என்பது உள்ளிட்ட சிலவற்றை ஏற்றது. இடையில் ஃப்ரை இன்னொரு வாசலிலும் நின்றுகொண்டிருந்தார். அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட பெண்களைத் திறந்த வண்டிகளில் விலங்கிட்டு, ஊர் பார்த்துக் கூச்சலிடத் துறைமுகத்துக்கு ஏற்றிச் செல்வது வழக்கம். போவதற்கு முந்திய இரவில் அவர்கள் நியூகேட்டில் கண்ணாடிகளையும் தளபாடங்களையும் உடைத்துக் கலகம் செய்வார்கள். 1818இல் மூடிய வண்டிகளில் ஏற்ற ஃப்ரை ஏற்பாடு செய்து, தானும் கூடப் போனார். கலகம் நடக்கவில்லை. அதன்பின் சுமார் 25 ஆண்டுகளில் நூறுக்கும் மேற்பட்ட கப்பல்களும் ஏறத்தாழ 12,000 பெண்களும் அவரும் அவர் தோழிகளும் கவனித்த கணக்கில் வந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு பை. அதில் வேதாகமம், ஏப்ரன், ஊசி, நூல், ஒட்டுத்துணித் துண்டுகள்.

மாதக்கணக்கான கடற்பயணத்தில் அந்தத் துண்டுகளைத் தைத்துப் போர்வையாக்கிச் சிலர் வழித் துறைமுகங்களில் விற்றுக் காசு பார்த்தார்கள். 1841இல் ராஜா என்ற கப்பலில் போன பெண்கள் தைத்த போர்வை கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இன்றும் இருக்கிறது. 2,815 துண்டுகள். அந்தப் பெண்கள் தங்கள் கையால் விட்டுச்சென்ற சாட்சியமாக எஞ்சியது அது. நாடுகடத்தலையே ஃப்ரை எதிர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கப்பல்கள் போய்ச் சேர்ந்த மண் யாருடையது என்ற கேள்வியும் அவர் பேச்சில் எழவில்லை. பேரரசின் பிள்ளை அவர்.

1828இல் கணவரின் வங்கி முறிந்தது. கடனாளியான ஜோசப்பைக் குவேக்கர் சபை தன் வழக்கப்படி நீக்கியது. பெரிய வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்குப் போனார்கள். கைதிகளுக்கென்று திரட்டிய பணம் வங்கிக்குள் போயிருக்கும் என்று ஊர் பேசியது. பிள்ளைகளை வேலைக்காரரிடம் விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறார் என்ற பழைய குறையும் மறுபடி எழுந்தது. 11 பிள்ளைகளில் பெரும்பாலானோர் தாயின் சபையை விட்டு விலகினார்கள். கைதிகளிடம் விசுவாசத்தைக் கொண்டுபோனவரால் அதைத் தன் வீட்டில் தக்கவைக்க முடியவில்லை. இது அவருக்கு ஆறாத வலி.

இந்த அவமானங்களுக்குப் பின்னால்தான் வெளிநாட்டுப் பயணங்கள் தொடங்கின. குவேக்கர் போதகர் ஒருவர் நினைத்தபடி கடல் கடக்க முடியாது. தனக்குள் எழுந்த ஏவுதலைச் சபையின் முன் வைத்து, சபை மௌனத்தில் அதை நிதானித்து, சான்றிதழ் தந்தால்தான் பயணம். ஃப்ரை அவ்வாறு அனுமதி பெற்று 1838இலும் 1839இலும் பிரான்ஸுக்குப் போனார். இரண்டாவது தடவை சுவிட்சர்லாந்து, ஜேர்மனி வழியாகத் திரும்பினார். நடைமுறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் சிறை, கைதிகளிடம் வாசிப்பும் சில வார்த்தைகளும். மாலையில் அந்த ஊரின் செல்வாக்குள்ள பெண்களைக் கூட்டி, தான் போனபின் சிறைக்குப் போய்வர ஒரு குழு அமைக்கச் சொல்வது. பிறகு அரண்மனை. மன்னர் லூயி பிலிப்பின் குடும்பம் அவரைச் சந்தித்தது. கத்தோலிக்க நாடான பிரான்ஸில் புரட்டஸ்தாந்துப் பெண்ணொருவர் சிறைக்குள் பேசுவதைச் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் இருந்தார்கள். வாசித்தது வேதாகமப் பகுதி மட்டும் என்பதால் தடுக்க முடியவில்லை.

1840இல் பெல்ஜியம், நெதர்லாந்து, ஜேர்மன் அரசுகள். தம்பி சாமுவேலும் பழைய நண்பர் வில்லியம் அலனும் கூட இருந்தார்கள். பிரஷ்யாவில் அவருக்கு ஒரு புதிய வகைக் கைதிகள் எதிர்ப்பட்டார்கள். அரசர் மூன்றாம் பிரடெரிக் வில்லியம் தன் நாட்டின் இரண்டு புரட்டஸ்தாந்துச் சபைகளை ஒன்றாக்கி, எல்லோருக்கும் ஒரே வழிபாட்டு முறையைக் கட்டாயமாக்கியிருந்தார். அதற்கு இணங்காத பழைய லூத்தரன்கள் தண்டிக்கப்பட்டார்கள், அவர்களின் குருமார் சிறையில் இருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தோடு கப்பலேறி அவுஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். விருந்தினராக வரவேற்கப்பட்ட நாட்டில், விருந்தளித்த அரசரின் சொந்தக் கொள்கையை எதிர்த்து ஃப்ரையும் அலனும் மனு எழுதினார்கள். அதே ஆண்டு ஜூனில் அரசர் இறந்தார். பதவிக்கு வந்த மகன் சிறையிலிருந்த குருமாரை விடுவித்தார். மனுவின் பங்கு எவ்வளவு, புதிய அரசரின் மனப்போக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

அந்தப் பயணத்தில் ரைன் நதிக்கரையிலிருந்த கைசர்ஸ்வெர்த்துக்கும் போனார். அங்கே தியோடர் ஃபிளிட்னர் என்ற போதகர் விடுதலையான பெண் கைதிகளுக்கு ஒரு வீடும், நோயாளரைப் பராமரிக்கும் பெண்களுக்கு ஒரு பயிற்சி நிலையமும் நடத்திவந்தார். பல ஆண்டுகளுக்கு முன் அவரே இங்கிலாந்து வந்து ஃப்ரையின் வேலையைக் கண்டு போனவர். பின்னாளில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் பயிற்சி பெற்றது அங்கேதான்.

1841இல் போனபோது ஃப்ரையின் உடல் தளர்ந்துவிட்டது. தம்பி ஜோசப் ஜோன் கர்னி துணைக்கு வந்தார். ஹேக் நகரில் டச்சு அரசரிடம் சிறைகளைப் பற்றியும், டச்சுக் குடியேற்றங்களில் இருந்த அடிமைமுறை பற்றியும் பேசினார்கள். பிறகு கோப்பன்ஹேகன். டென்மார்க்கில் 1839இல்தான் முதல் பப்டிஸ்ட் சபை உருவாகியிருந்தது. குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத அந்தச் சிறு கூட்டத்தை அரச திருச்சபையால் பொறுக்க முடியவில்லை. அவர்களின் தலைவர்கள் சிறையில் கிடந்தார்கள்.

சிறைக்குள் விசுவாசத்தைப் பகிரப் போனவர், விசுவாசத்துக்காகவே சிறையிலிருந்தவர்களை அங்கே சந்தித்தார். அவர்களுக்குப் போதிக்க அவரிடம் எதுவும் இருந்திருக்காது. அவருக்குக் கொள்கையில் உடன்பாடில்லாத சபை அது. குவேக்கர்கள் எந்த ஞானஸ்நானத்தையும் கொடுப்பதில்லை. ஆனாலும் அவரும் தம்பியும் அவர்களைப் போய்ப் பார்த்தார்கள். அரசர் எட்டாம் கிறிஸ்டியனோடும் அரசியோடும் விருந்துண்ட மேசையில் அவர்களின் விடுதலையைக் கேட்டார்கள். உடனடியாகக் கிடைத்தது கொஞ்சம்தான். அடுத்த ஆண்டே பப்டிஸ்ட் குழந்தைகளுக்குக் கட்டாய ஞானஸ்நானம் என்ற ஆணை வந்தது. டென்மார்க்கில் மதச் சுதந்திரம் 1849இன் அரசியலமைப்போடுதான் வந்தது. ஃப்ரை அதைக் காணவில்லை.

அதே பயணத்தில் சிலேசியாவின் மலையடிவாரத்தில் அவர் சந்தித்த மக்களையும் குறிப்பிட வேண்டும். திரோல் நாட்டின் சில்லர் பள்ளத்தாக்கிலிருந்து புரட்டஸ்தாந்தர் என்பதற்காக 1837இல் வெளியேற்றப்பட்ட நானூறுக்கும் மேற்பட்டோரைப் பிரஷ்ய அரசர் அங்கே குடியேற்றியிருந்தார். மலைகளை விட்டு வந்தவர்கள், புதிய இடத்திலும் தங்கள் பழைய ஊரின் பாணியிலேயே மரவீடுகளைக் கட்டியிருந்தார்கள்.

இந்த ஆண்டுகளில் சிறை நிபுணர்கள் மத்தியில் ஒரு புதிய மோகம் பரவிக்கொண்டிருந்தது. கைதி ஒவ்வொருவரையும் தனியறையில், மற்றக் கைதியின் முகமே தெரியாதபடி அடைத்தால் அவர் மனந்திரும்புவார் என்பது கொள்கை. லண்டனில் 1842இல் திறக்கப்பட்ட பென்டன்வில் சிறை அதன் முன்மாதிரி. தனிமையில் கடவுளைக் காண்பார்கள் என்று பக்தியுள்ளவர்களே அதை ஆதரித்தார்கள். நியூகேட்டில் ஃப்ரை நடத்திய முறையை அரச சிறைப் பரிசோதகர்கள் ஏற்கெனவே பழைய பாணி என்று குறைகூறி அறிக்கை எழுதிவிட்டார்கள். வயதான ஃப்ரை இந்த விடயத்தில் அசையவில்லை. முழுத் தனிமை மனத்தைச் சிதைக்கும் என்றார். இருட்டறைகளையும், வானம் தெரியாதபடி அமைத்த யன்னல்களையும் கண்டித்தார். மதத் துன்புறுத்தலோ அரசியல் குழப்பமோ திரும்ப வரும் ஒரு காலத்தில், இப்போது கட்டுகிறவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இந்த நிலவறைகளில் கிடக்க நேரலாம் என்பது அவரது எச்சரிக்கை.

பிரித்தானியர் கொழும்பில் வெலிக்கடைச் சிறையைக் கட்டியெழுப்பியதும் இதே 1840களை ஒட்டித்தான். 1983 ஜூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் அங்கே கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகளை இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

1842 ஜனவரியில் பிரஷ்யாவின் புதிய அரசர் நான்காம் பிரடெரிக் வில்லியம், இளவரசர் ஒருவரின் ஞானஸ்நானத்துக்காக லண்டனுக்கு வந்தார். வந்த இடத்தில் ஃப்ரையை நியூகேட்டில் சந்திக்க விரும்பினார். வழமையான வாசிப்பு நடந்தது. ஃப்ரை ஜெபித்தபோது அரசர் பெண் கைதிகளுக்கு நடுவில் முழங்காலிட்டார். அன்று மதியம், வங்கி முறிவுக்குப் பின் குடிபோன அந்தச் சிறிய வீட்டில் ஃப்ரையின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு சாப்பிட்டார். லண்டன் பத்திரிகைகளுக்கு இது பெருஞ்செய்தி. ஃப்ரைக்கு அதற்கு முந்திய 25 ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான தடவை செய்த அதே வாசிப்பு.

1843இல் கடைசியாகப் பாரிஸுக்குப் போனார். அதன்பின் நோய் அவரை எழவிடவில்லை. 1844இல் குடும்பத்துக்குள் அடுத்தடுத்துச் சாவுகள். மகன் வில்லியமும் அவனுடைய பெண்பிள்ளைகள் இருவரும் காய்ச்சலில் போனார்கள். கடற்கரை ஊரான ராம்ஸ்கேட்டுக்கு அவரைக் கொண்டுபோனார்கள். அங்கும் துறைமுகத்துக்கு வரும் மாலுமிகளுக்குக் கொடுக்கவென்று வேதாகமங்களும் சிறுபிரசுரங்களும் வைத்திருந்தார். 1845 ஒக்டோபர் 12 அன்று அங்கேயே இறந்தார். வயது 65.

பார்க்கிங் என்ற இடத்திலிருந்த குவேக்கர் மயானத்தில், சிறுவயதில் இறந்த மகள் பெட்சிக்கு அருகில் அவரை அடக்கம் செய்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். சபை வழக்கப்படி ஆராதனை இல்லை, பாட்டு இல்லை. கூட்டம் நெடுநேரம் மௌனமாக நின்றது. தம்பி ஜோசப் ஜோன் ஒரு ஜெபம் சொன்னார். பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.